வெங்கிணாந்திச் சப்பாத்து

வா மோனை, வா. உந்தக் குத்தியிலை இரு. சாய்மனைக் கதிரையை விட்டு நான் எழும்பேலாது, நாரிப் பிடிப்பு. என்ன, போர்வையைப் பாக்கிறாய்? ஓமடா, ஆடி மாசத்து வெய்யிலுக்கையும் காலுக்குப் போர்வை போட்டுத்தான் இருக்கிறன். பேர்ணிலை இருந்து வந்த உனக்கு வேர்க்குது, அளவெட்டியிலை பிறந்த எனக்குக் குளிருது. வயசு போனால் அப்பிடித்தான். என்னத்தைத் தேடுறாய்? சப்பாத்திலை ஒண்டைக் காணேல்லையோ? நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ரண்டு கிலோச் சப்பாத்தெண்டால் கொஞ்சம் பெரிய நாயாய்த்தான் இருக்கவேணும். பேந்து தேடுவம். கொம்மம்மா கும்பழாவளைப் பிள்ளையாரிட்டைப் போயிருக்கிறா, சதுர்த்தி. அவ வாறதுக்கிடையிலை உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்லவேணும்.

முந்தநாள் நீ வந்திறங்கிப் பெட்டியைத் திறக்கேக்கை நான் சொக்லேட்டெண்டுதான் எட்டிப் பாத்தனான். வெளியிலை வந்தது என்ன? கெண்டைக்கால் மட்டும் வாற ரண்டு பிளாஸ்டிக் ஓடு. கொம்மம்மா நெஞ்சிலை கை வைச்சிட்டா, பொடியனுக்குக் கால் முறிஞ்சு போச்சாக்கும் எண்டு. பனிமலையிலை பலகை பூட்டி வழுக்கிற சப்பாத்தாம். புதுச் சப்பாத்தை வீட்டுக்குள்ளை கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டு நடந்து காலுக்குப் பழக்கச் சொல்லிக் கடைக்காரன் சொன்னவனாம். அவன் வீடெண்டு பேர்ணிலை இருக்கிற வீட்டையடா சொன்னவன். நீ அதைத் தூக்கிக்கொண்டு மல்லாகம் தாண்டி இஞ்சை வந்து, விறாந்தைச் சீமெந்திலை டங்கு டங்கெண்டு நடக்கிறாய். ஒழுங்கையாலை போனவை படலைக்கு மேலாலை எட்டிப் பாத்து, "என்ன அண்ணை, மா இடிக்கிறியளோ" எண்டு கேட்டுட்டுப் போகினம்.

சரி, நடந்தது போகட்டும். அதின்ரை வெளிப்பக்கத்திலை ஒரு குமிழ் இருந்துதே, அதிலைதான் என்ரை கண் விழுந்தது. றேடியோக் குமிழ் மாதிரி. திருகினால் நாதஸ்வரக் கச்சேரி வருமெண்டு பாத்தன், கறகறவெண்டு சத்தம்தான் வந்தது. சிரிக்காதை. சண்டைக் காலத்திலை பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு, டைனமோவிலை றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். உன்ரை குமிழுக்கு எங்கை வயர் குடுக்கிறதெண்டுதான் முதல் யோசிச்சனான்.

நீ வடிவாய் விளங்கப்படுத்தினனி, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. உள்ளுக்குள்ளை ஒரு சின்ன உருளை. திருகத் திருகக் கம்பி அதிலை சுத்துப்படும். திரும்பிப் போகாமல் பல்லுச் சில்லும் ஒரு நாக்கும் பிடிச்சுக்கொள்ளும். இதுக்கேன் மோனை இங்கிலீசும் ஜேர்மனும்? சைக்கிள் பின்சில்லுக்குள்ளை இருக்கிறதும் இதுதான். மிதிச்சால் பிடிக்கும், விட்டால் கறகறவெண்டு ஓடும். அந்த நாக்குத் தேஞ்சு, தெல்லிப்பழையிலை இருந்து சுன்னாகம் மட்டும் சைக்கிள் உருட்டினவன் நான். கம்பி சப்பாத்துக்கு மேலாலை அங்காலையும் இஞ்சாலையும் கொளுவி ஓடுறபடியால், ஒரு இடத்தை இழுத்தால் எல்லா இடமும் சேந்து இழுபடும். ஒரு கயிறு, கனக்கக் கப்பி. கிணத்துக் கட்டிலை நிண்டு தண்ணி அள்ளினவனுக்கு உது புதினமில்லை.

அதின்ரை பேர் போவாவெண்டாய். போவா எண்டால் ஒரு பாம்பெல்லோ, சுத்திப்பிடிச்சு நெரிக்கிற சாதி. எங்கடை வெங்கிணாந்திக்கு ஒண்டுவிட்ட சகோதரம். காசு குடுத்து வெங்கிணாந்தி வாங்கிக் காலிலை சுத்திக்கொண்டு மலையாலை குதிக்கிற சனத்தை இப்பத்தான் கேள்விப்படுறன். அதுவும் பல நூறு பிராங்காம்! கொப்பர் போன புதிசிலை சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவின மாசக் கணக்கை நான் உனக்குச் சொல்லமாட்டன். சொன்னால் சப்பாத்துக் கடிக்கும்.

ஆனால் ஒண்டு, அந்தக் குமிழைக் கண்டுபிடிச்சவன் விசரனில்லை. அமெரிக்காவிலை கொலராடோப் பக்கம், ஸ்ரீம்போட் ஸ்பிறிங்ஸ் எண்ட மலையூரிலை இருந்த கேரி ஹமர்ஸ்லாக். அந்தாள் முதல் வைத்தியச் சாமான் செய்த ஆள். 2001இலை முதல் முதல் அதைப் பூட்டினது ஒற்றைப் பலகையிலை நிண்டு வழுக்கிறவையின்ரை மெத்தெண்ட சப்பாத்துக்கு. பேந்து சைக்கிள் ஓடுறவைக்கு, கொல்ஃப் அடிக்கிறவைக்கு, கட்டட வேலைக்காரருக்கு எண்டு ஊரெல்லாம் பரவிச்சுது. உன்ரை இந்த இறுகின ஓட்டுச் சப்பாத்துக்கு மட்டும் 2023 மட்டும் வரேல்லை. மெத்தெண்டதை நெரிக்கிறது சுகம், ஓட்டை நெரிக்கிறது கரைச்சல். கம்பியும் தாங்கவேணும், கம்பி கொளுவிற இடமும் தாங்கவேணும். வெங்கிணாந்திக்கு முயல் பிடிக்கிறது ஒரு வேலை, ஆமை பிடிக்கிறது வேறை வேலை.

அதுக்கு முதல் நாலு கொளுக்கிதானே? அந்தக் கொளுக்கியும் உங்கடை நாட்டுச் சாமான்தான், தெரியுமோ? தெரியாது. சுவிசிலை பிறந்து வளந்த உனக்கு அளவெட்டிக் கிழவன் சொல்லவேண்டிக் கிடக்கு. முந்தி இந்தச் சப்பாத்து முழுக்கத் தோல். உள்ளுக்கொரு நூல், வெளியிலை ஒரு நூல், விறைச்ச கையாலை இருந்து முடிஞ்சுகொண்டிருக்கவேணும். ஹான்ஸ் மார்ட்டின் எண்ட சுவிஸ்காரன்தான் நூலுக்குப் பதிலாய்க் கொளுக்கி யோசிச்சது. 1955இலை ஹென்கே எண்ட சுவிஸ் கொம்பனி அதைச் சந்தைக்கு விட்டது. பேந்து அறுபதுகளிலை பொப் லாங்கே எண்ட அமெரிக்கன் தோலை எறிஞ்சுபோட்டு பிளாஸ்டிக்கிலை வார்த்தான். இதெல்லாம் எனக்கெப்பிடித் தெரியுமெண்டு முழிக்காதை. நேற்று நீ நித்திரை கொள்ளேக்கை உன்ரை ஃபோனை வாங்கி, பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேட்டனான்.

இப்ப தவிலுக்கு வருவம். அளவெட்டியிலை இருந்துகொண்டு இறுக்கிறது தளத்திறதைப் பற்றித் தவில் இல்லாமல் கதைச்சால் ஊர் என்னைத் தள்ளி வைச்சிடும். தட்சிணாமூர்த்தி தவிலடிச்ச ஊர், பத்மநாதன் நாதஸ்வரம் வாசிச்ச ஊர். என்ரை பிறவி கமக்காரப் பிறவி, வெங்காயமும் புகையிலையும்தான் தெரியும். ஆனால் சின்ன வயசிலை கோயில் வீதியிலை தவிலுக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து பாத்தது இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. பலா மரத்திலை குடைஞ்ச உடம்பு. ஒரு பக்கம் வலந்தலை, விரலிலை கூடு மாட்டி அடிக்கிறது. மற்றப் பக்கம் தொப்பி, கழியாலை அடிக்கிறது. ரண்டையும் சேத்து இழுத்துப் பிடிச்சது அப்பவெல்லாம் தோல் வார். ஈரக் காத்தடிச்சால் தளந்துபோம். வாசிக்க முதல் அவை வாரை இழுக்கிறதைப் பாக்கவேணும், மாட்டோடை மல்லுக்கட்டுற மாதிரி. இப்ப இரும்பு வளையமும் போல்ட்டும் நட்டும் வந்திட்டுது. ஸ்பானரை எடுத்தால் காரியம் முடிஞ்சுது.

ஆனால் வடிவாய்க் கவனி. ஸ்பானர் வந்தாப்போலை ஒருத்தரும் எல்லா நட்டையும் ஒரே முறுக்காய் முறுக்கிறேல்லை. ஒண்டை முறுக்குவினம், தட்டுவினம், காதைக் குடுப்பினம். அங்காலை ஒண்டை அரைச் சுத்து. திரும்பத் தட்டுவினம். ஏனெண்டால் தோல் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பில்லை. உன்ரை காலும் அப்பிடித்தான். உன்ரை புறங்காலைப் பார், கொப்பற்றை வழி, கும்பழாவளைக் கோபுரம் மாதிரி உயந்து நிக்குது. விரல்ப் பக்கம் கொம்மா வழி, அகப்பை. உன்ரை குமிழ் ஒரு திருகிலை எல்லாத்தையும் சமனாய் இழுக்குமெண்டு நீ பெருமையாய்ச் சொன்னனி. கொளுக்கி எண்டால் அது கடிக்கிற ஒரு இடத்திலைதான் நெரிக்கும், கம்பியெண்டால் காலைச் சுத்திப் பரவலாய்ப் பிடிக்கும். நல்ல விஷயம்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் நாலு கொளுக்கிக் காலத்திலை புறங்கால்க் கொளுக்கியை ஒரு பல்லுத் தளத்தி, விரல்க் கொளுக்கியை அதின்ரை பாட்டிலை விட்டுவைக்கலாம். குமிழ் ஒண்டெண்டால் புறங்காலும் விரலும் ஒரே வீட்டிலை கூட்டுக் குடும்பம். மாமிக்கு ஒரு கறி, மருமோளுக்கு ஒரு கறியெண்டு வைக்கேலாது.

அதுக்காக நான் கொளுக்கிக் கட்சியெண்டு நினைச்சிடாதை. உந்தக் குமிழை மற்றப் பக்கம் திருகினால் மயிரிழை மயிரிழையாய்த் தளருமெண்டாயே, அது எனக்கு நல்லாய்ப் பிடிச்சுது. முந்தின குமிழ் பலதிலை இறுக்கலாம், இல்லாட்டி முழுக்கக் கழட்டலாம், நடுவிலை ஒண்டும் இல்லையாம். மனிசருக்கு ஏத்தது இந்தப் புதுசு. மலைக்கு மேலை போற கதிரைவண்டியிலை இருக்கேக்கை ஒரு திருகு தளத்து. புறங்காலாலையும் விரலுக்கு ரத்தம் போறது. அதை நெரிச்சுப்போட்டு விரல் விறைக்குது விறைக்குதெண்டு அழுது, கொம்மாவிட்டைத் தடிச்ச மேஸ் கேக்கிறாய். அவவும் வாங்கி அனுப்புறா, ரண்டு சோடி. ரண்டு சோடி மேஸ் போட்டால் இன்னும் நெருக்கும், இன்னும் விறைக்கும். மெல்லிசாய் ஒரு சோடி, அவ்வளவுதான். வெறுங்காலோடை மட்டும் உதுக்குள்ளை காலை விட்டிடாதை. அது… அது சரிவராது. எனக்கெப்பிடித் தெரியுமோ? சும்மா ஒரு ஊகம்.

உந்த ஆட்டைத் துரத்தடா, கத்தரிக் கண்டைத் திண்ணுது! நான் எழும்பேலாதெண்டு சொன்னனானெல்லே. நாரி.

ம்… எங்கை விட்டனான்? அளவு. ஆளை விழுத்திறது அளவுதான் மோனை, குமிழுமில்லை கொளுக்கியுமில்லை. எங்கடை ஆக்களுக்கொரு குணம் இருக்கு. வளருற பிள்ளையெண்டு ரண்டு நம்பர் பெரிசாய் வாங்கி முன்னுக்குப் பஞ்சு அடைவினம். எனக்கும் என்ரை அப்பு அப்பிடித்தான் வாங்கித் தந்தவர். அந்தச் சப்பாத்துக்கு நான் வளந்து முடியிறதுக்கிடையிலை சப்பாத்து உக்கிப்போச்சு. பள்ளிக்கூடத்தாலை முதல் முதல் பனிமலை முகாமுக்குப் போகேக்கை உனக்கு வாடகைக்கு எடுத்ததும் அப்பிடித்தானே? பெரிசு. இறுக்கினாப்போலை சரிவரும் எண்டு ஆரோ சொல்லிவிட்டினம். சரிவராது. பெரிய ஓட்டை எவ்வளவு இறுக்கினாலும் குதி உள்ளுக்குள்ளை எழும்பும். குதி எழும்பினால் நீ ஒரு பக்கம் திரும்ப நினைப்பாய், பலகை மற்றப் பக்கம் போகும். பேந்து ஆடத் தெரியாதவள் முத்தம் கோணலெண்ட கதைதான், மலை சரியில்லை பனி சரியில்லையெண்டு வந்து கொம்மாவுக்குச் சொல்லுவாய்.

உந்தச் சப்பாத்துக்கு நம்பர் போடுறதும் நேர்மையான வேலை, கால் எத்தினை சென்ரிமீற்றரோ அதுதான் நம்பர். உன்னுடையது 26.5. ஆனால் அதிலையும் ஒரு சூக்குமம், இருபத்தாறுக்கும் இருபத்தாறரைக்கும் பெரும்பாலும் ஓடு ஒண்டுதானாம். கடையிலை பாக்கிற முறையும் நல்ல முறைதான். உள்மெத்தையைக் கழட்டிப்போட்டு வெறும் ஓட்டுக்குள்ளை காலை விட்டு, விரலை முன்னுக்கு முட்டவைச்சு, குதிக்குப் பின்னாலை ஒரு விரல், ஒண்டரை விரல் போகுதோவெண்டு பாக்கிறது. மூண்டு விரல் போனால் அதிலை வெங்காயம் நடலாம். அடுத்தது இன்னொரு நம்பர், எவ்வளவு விறைப்பெண்டு. நூறு, நூற்றிமுப்பதெண்டு போட்டிருக்கும். அதை மட்டும் நம்பிடாதை. ஒரு கொம்பனியின்ரை நூறு மற்றக் கொம்பனியின்ரை நூறில்லை, பொது அளவுகோல் கிடையாது. சுன்னாகம் சந்தையிலை "நல்ல காரம்" எண்டு மிளகாய் விக்கிற மாதிரி.

அதை விட முக்கியம் பலகையிலை சப்பாத்தைப் பூட்டிற பொறி. விழுந்தால் அது கழரவேணும், கழராட்டி முழங்கால் முறுகும். அதை எவ்வளவிலை வைக்கிறதெண்டு உன்ரை பாரம், உயரம், வயசு, சப்பாத்தடியின்ரை நீளம், நீ எப்பிடி ஓடுவாய், எல்லாம் கேட்டுத்தான் கடைக்காரன் திருப்பிறவன். அந்த நேரம் பக்கத்திலை பெட்டையள் நிக்குதெண்டு நெஞ்சை நிமித்தி, நான் சூரன், வேகமாய் ஓடுவன் எண்டு சொல்லிப்போடாதை. அவன் நம்பி இறுக்கி வைச்சிடுவான். நீ தடக்கி விழேக்கை பலகை உன்னை விட்டுப் போகாது, கலியாணம் கட்டின மாதிரிக் கூடவே வரும். அந்த இடத்திலை மட்டும் எங்கடை ஊர்ப் பணிவைக் காட்டு. நான் பழகுறவன், பயந்தவன் எண்டு சொல்லு. பொய்யுமில்லையே.

என்ன, உங்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியுமெண்டு முகத்திலை எழுதி ஒட்டியிருக்கு. துலா தெரியுமோ? உந்தக் கிணத்தடியிலை இப்ப மோட்டார் நிக்குது. அப்ப அதிலை பனைமரத் துலா. நான் மேலை ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பன், நடக்கத் துலா சரியும், பட்டை கிணத்துக்குள்ளை போய் நிரம்பி வரும். ஈரம், பாசி, விடியப்புறத்து இருட்டு. வெறுங்கால். சரிவிலை நிக்கிறதெண்டால் குதியிலை பாரத்தைப் போடக்கூடாதெண்டு எனக்குத் துலா சொல்லித் தந்தது. உனக்கு அதையே ஒரு மாஸ்ரர் மணித்தியாலத்துக்குக் காசு வாங்கிச் சொல்லித் தாறார். கள்ளுச் சீவுறவையைப் பார். காலிலை ஒரு தளைநார், அவ்வளவுதான் சாமான். அதின்ரை அளவு அவரவர் காலுக்கும் பனைக்கும் ஏத்தமாதிரி. குமிழ் கிடையாது, ஆனால் ஒவ்வொரு நாளும் ஏற முதல் நாரை இழுத்துப் பாப்பினம். நீயும் பார். உந்தக் கம்பி ஒண்டுதான். கொளுக்கி நாலிலை ஒண்டு உடைஞ்சால் மூண்டோடை வீட்டை வரலாம். கம்பி அறுந்தால்? மாத்துறதுக்குக் கொம்பனி சாமான் குடுக்குமாம், சரி. ஆனால் மலை உச்சியிலை கொம்பனி நிக்காது. கீழை இறங்கினாப்போலை கம்பி எங்கையும் பிஞ்சிருக்கோ, குமிழிலை கல்லடிபட்டிருக்கோவெண்டு தடவிப் பாக்கிறது ஒரு நிமிஷச் சோலி.

பிஞ்சதெண்டாப்போலை ஒண்டு ஞாபகம் வருது. 95 ஐப்பசியிலை சண்டையாலை வலிகாமம் முழுக்க இடம்பெயந்து தென்மராட்சிக்கு நடக்கேக்கை, என்ரை றப்பர்ச் செருப்பின்ரை வார் கோப்பாய் தாண்ட முதல் பிஞ்சு போச்சு. மழை வேறை. கொம்மம்மா தன்ரை சட்டையிலை குத்தியிருந்த ஊசியைக் கழட்டித் தந்தா. அதைச் செருப்புக்கு அடியிலை குறுக்காலை குத்திக்கொண்டு சாவகச்சேரி மட்டும் நடந்தனான். கொம்மா அப்ப சின்னப் பெட்டை, என்ரை தோளிலை. அந்த ஊசி இப்பவும் சாமியறைத் தட்டிலை கிடக்கு. உன்ரை குமிழுக்குப் பக்கத்திலை வைச்சுப் படம் எடுத்து உன்ரை சிநேகிதருக்குக் காட்டு.

சரி, சரி, முகத்தைத் தொங்கப் போடாதை. நக்கலடிச்சால்தான் எனக்குச் சாப்பாடு செமிக்கும். குறும்பா எழுதின மஹாகவி பிறந்த ஊரடா இது, தண்ணியிலையே கிடக்கு. இப்ப கையிலை இருக்கிற அந்த ஒற்றைச் சப்பாத்தை உதிலை வைச்சு, கழட்டிற முறையை ஒருக்கால் வடிவாய்ச் செய்து காட்டு பாப்பம். சும்மா, அறிவுக்குத்தான். ம்… மேலை ஒட்டுப்பட்டியைப் பிடுங்கிறது. சரி, அது எனக்குத் தெரியும். ரண்டு கொளுக்கியையும் தட்டித் திறக்கிறது. அதுவும் ஆச்சு… அதாவது, அதுவும் விளங்குது. பேந்து குமிழை வெளியிலை இழுக்கிறது. டக். கம்பி தளருது. நல்லது. இவ்வளவும் செய்தும் கால் வராட்டி?

ஏன் சிரிக்கிறாய்?

நாக்கை முன்னுக்கு இழுக்கவேணுமோ? ரண்டு கையாலையும் ஓட்டை அகட்டி, எழும்பி நிண்டு, குதியை நேரே மேலை தூக்கவேணுமோ? அதைக் குனிஞ்சு செய்யிறதுக்கு நாரி விடவேணுமே! உண்மையாய்த்தான் நாரிப் பிடிப்பு, அதிலை பொய்யில்லை. நீ காலமை கிணத்தடிக்குப் போகேக்கை, உந்தக் கறகறச் சத்தத்தை ஒருக்கால் என்ரை காலிலை கேட்டுப் பாப்பமெண்டு விட்டனான். வெறுங்காலோடை. வெய்யில், வேர்வை, உள்மெத்தை பசை போட்டமாதிரிப் பிடிச்சிட்டுது. எனக்கு நம்பர் இருபத்தைஞ்சு, உன்னுடையது பெரிசு, வழுக்கிக்கொண்டு வருமெண்டுதான் நினைச்சனான். கொஞ்சம் கூடத் திருகியும் போட்டன். நல்லாய்த்தான் பிடிச்சுதடா, பரவலாய், ஒரு இடமும் கடியாமல். அதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை.

போர்வையை மெல்ல எடு. படலைச் சத்தம் கேக்குது, கொம்மம்மா வாறா. அவ கண்டால் இண்டைக்கு ராத்திரிக்குள்ளை சுன்னாகம் மட்டும் கதை போயிடும். நீ ஓட்டை அகட்டு, நான் தூணைப் பிடிச்சுக்கொண்டு எழும்புறன். அங்கை இல்லையடா, நாக்கை, நாக்கை இழு!